தொட்ட பிறகுதான் ‘சுத்தமாகு’ என்றார்

கொடைக்கானலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் வருடாவருடம் டிசம்பரில் ஏழைகளுக்குப் போர்வை கொடுக்கிறோம். இந்த முறை தொழுநோயால் பாதிக்கப்பட்ட சில பெரியவர்களை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றேன். சபையில் மூத்தவர் ஒருவர், ‘அதெல்லாம் சமூக சேவை, விசுவாசம் வேறு, முதலில் அதைப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா? போவதென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

தம்பி, நான் பிரசங்கியார் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேல் தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழனி அடிவாரத்திலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் நடந்தே பாதி ஆயுள் போனது. கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். உங்கள் மூத்தவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பிரித்த இடத்தில் வேதம் பிரிக்கவில்லை.

மாற்கு முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகி ஒருவன் வந்து முழங்கால்படியிடுகிறான். “உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்கிறான். அடுத்த வசனம்: “இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு: எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு என்றார்.” அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மனதுருகுகிறார், அப்புறம் கை நீள்கிறது, அப்புறம் தொடுகிறார். அதற்குப் பிறகுதான் வார்த்தை வருகிறது. அதாவது அவன் சுத்தமான பிறகு தொடவில்லை, அசுத்தமானவன் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தபோதே தொட்டுவிட்டார். வார்த்தையினாலேயே குணமாக்க முடிந்தவருக்குத் தொட வேண்டிய அவசியம் என்ன? நோய் போக வார்த்தை போதும். ஆனால் எத்தனை வருடமாகவோ ஒரு மனிதக் கை மேலே படாத உடம்புக்கு வேறொன்று தேவைப்பட்டது.

லேவியராகமம் 13இல் அப்படிப்பட்டவனுக்கு என்ன விதி என்று இருக்கிறது. “தீட்டு, தீட்டு” என்று அவனே சத்தமிட்டுக்கொண்டு போக வேண்டும். குடியிருப்பு பாளயத்துக்கு, அதாவது ஜனங்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இடத்துக்கு, புறம்பே. (வேதத்தில் குஷ்டம் என்று சொல்லியிருப்பதெல்லாம் இன்று நாம் தொழுநோய் என்று சொல்லும் வியாதிதான் என்று நினைக்க வேண்டாம், பலவகைத் தோல் வியாதிகளுக்கும் அந்த ஒரே பெயர்தான். ஆனால் ஒதுக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான்.) இப்போது மாற்குவில் அந்தப் பகுதியின் கடைசி வசனத்தைப் பாருங்கள். குணமானவன் போய் நடந்ததை எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான், ஊருக்குள் சேர்ந்துவிடுகிறான். இயேசுவோ வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். எபிரெயருக்கு எழுதின நிருபம் நம்மை எங்கே வரச் சொல்கிறது? “பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்கு.” விசுவாசம் வேறு, புறம்பே நிற்கிறவனிடம் போவது வேறு என்று எப்படிப் பிரிப்பது, தம்பி? அவர் அங்கேதானே நிற்கிறார்.

சரி, நம்முடைய மலைக்கு வருவோம். யாக்கோபு நிருபத்தில் ஒரு வசனம் உண்டு. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லிவிட்டு, சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் ‘குளிர்காய்ந்து’ அவ்வளவாக உறைக்காது. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம் மார்கழியில் ஒரு ராத்திரி தங்கினவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்த வசனத்தைப் புரியவைத்தது ஒரு பெரியவர். மேல்மலையில் ஒரு கிராமம், ஒரு ஜனவரி மாதம். பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். கைவிரல்கள் மடங்கத் தொடங்கியதும் வீட்டில் அவரை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தூரத்தில் வைத்து ஒரு குச்சியால் தள்ளிவிடுவார்கள். நான் போவதற்கு முந்தின வாரம் யாரோ நல்லவர்கள் வந்து அவருக்குப் புதுப் போர்வை ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் போர்த்திக்கொண்டு ராத்திரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கிறார். வலது கை தீயில் கிடந்திருக்கிறது, தெரியவில்லை. “வாடை வந்த பிறகுதான் குனிஞ்சு பாத்தேன் சார்” என்றார். கருகின வாடை. தன் கை கருகுகிற வாடை.

தொழுநோய் விரல்களை அழுகவைத்துத் தின்றுவிடும் என்று இன்றும் படித்தவர்களே நம்புகிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கிருமி உடம்பில் சூடு குறைந்த பகுதிகளைத் தேடிப் போய்த் தங்கும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைக் கெடுக்கும். முழங்கையில் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கும், முழங்காலுக்குக் கீழே கெட்டால் பாதம் தொங்கும். முகத்து நரம்பு கெட்டால் கண் மூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, வலி போய்விடுவது. வலி இல்லாதவன் கொதிக்கிற எவர்சில்வர் டம்ளரை விடாமல் பிடிப்பான், ஆணி குத்தின காலோடு நாள் முழுக்க நடப்பான், தூங்கும்போது எலி கடித்தாலும் விழிக்க மாட்டான். விரல்கள் போவது இப்படித்தான். அந்தப் பெரியவருக்குப் போர்வை கொடுத்தவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால், ‘நெருப்புக்கிட்ட உட்காரும்போது கையைப் போர்வைக்குள்ள வெச்சுக்குங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். கை தப்பியிருக்கும்.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். இரக்கம் தொட வேண்டும். தொட்டால் மட்டும் போதாது, தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கு டாக்டர் பால் பிராண்ட் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மலையில் மிஷனரியாக இருந்து 1929இல் காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின் முதுமையிலும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் மலை மலையாகப் போய் ஊழியம் செய்து 1974இல், 95 வயதில் காலமானவர். மகன் இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலை கற்று, அப்புறம் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை போனபோது, விரல் மடங்கின ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து ‘அழுத்துங்கள்’ என்றார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்தது, பிராண்ட் கத்தும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் உள்ளே நல்ல தசை இருக்கிறது, அதை இடம் மாற்றிக் கட்டினால் விரல்களை நிமிர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை வேலூரில் அப்படித்தான் தொடங்கி, பின்னால் உலகம் முழுக்கப் போனது. அன்று அவர் தள்ளி நின்று பார்த்திருந்தால் அந்தக் கைக்குள் இருந்த பலம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைச் சேவைக்குப் போகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கை சரியான நோயாளிகள் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சைகூடக் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். மடங்கின கையைப் பார்த்துக் காசு போட்ட ஊர், நிமிர்ந்த கைக்கு வேலை கொடுக்கவில்லை, தங்க ஒரு அறையும் கொடுக்கவில்லை. அதனால்தான் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கி, தச்சு வேலை போன்ற கைத்தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். கையைச் சரிசெய்வது பாதி வேலை. ஊரைச் சரிசெய்வது மீதி.

ஹவாய்த் தீவுகளில் மொலக்காய் என்னும் தீவுக்கு 1873இல் போன பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் தமியானைக் கத்தோலிக்க நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும். நோயாளிகளை நாடுகடத்துகிற மாதிரி கொண்டுபோய் விட்ட இடம் அது. வீடு கட்டினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், கல்லறை தோண்டினார், அவர்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார். 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கிற தண்ணீரில் கால் வைத்து, சுடவில்லை என்று கண்டார். தனக்கும் வந்துவிட்டது என்று அப்படித்தான் தெரிந்தது. 1889இல், 49 வயதில் இறந்தார். 2009இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் தீவில் இறங்கின அதே 1873இல்தான் நார்வேயில் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். மருந்து வர இன்னும் ஏறக்குறைய எழுபது வருடம் இருந்தது. மருந்தே இல்லாத காலத்தில் அவர் தொட்டார். மருந்து இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் நாம் யோசித்துக்கொண்டு நிற்கிறோம்.

உங்கள் ஊருக்கே வருகிறேன். கொடைக்கானலில் 1845இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். கீழே காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களைக் கொண்டுபோனது, அதனால் மேலே வந்தார்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பெட்டி படுக்கைகளையும் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதை வழியாகத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் நம் ஜனங்கள். காய்ச்சல் அவர்களுக்கும்தான் வந்தது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மிஷனரிகள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த நன்மையில் வளர்ந்தவன் நான். ஆனால் சுமந்தவர்களையும் சேர்த்து நினைக்காவிட்டால் நம் சபை வரலாறு பாதிதான்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தில் இருந்ததும் அதே கொடைக்கானலில்தான். திண்டிவனத்தில் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வலியில் இருக்கிற மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்து சாதிக்காரர். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரியாகவே ஆக மாட்டேன் என்று இருந்த பெண், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900இல் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1960 மே மாதம் கொடைக்கானலில், ஹில்டாப் என்ற தன் வீட்டில் கண்மூடினார். அந்த மூன்று வீடுகளுக்கும் அன்று பிரசங்கம் தேவைப்படவில்லை, பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் தேவைப்பட்டாள். அழுதுவிட்டு ஜெபம் செய்வதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். படிக்கப் போனார். அவருடைய விசுவாசம் அந்தப் படிப்பாகத்தான் வெளிப்பட்டது.

மலை அடிவாரத்தில் ஒட்டன்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். காய்கறிச் சந்தைக்குப் பெயர்போன ஊர். 1955இல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியானும் கேரளத்திலிருந்து வந்து அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பெரிய நகரத்தில் நல்ல சம்பளத்துக்குப் போயிருக்கக்கூடியவர்கள். நம் மலைக் கிராமங்களிலிருந்து கட்டிலிலும் தொட்டிலிலும் தூக்கிக்கொண்டு இறங்கி அங்கே போய் உயிர் பிழைத்த ஆட்களை எனக்கே தெரியும்.

இப்போது உங்கள் மூத்தவரின் கேள்விக்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு கேள்வி: சேவை செய்தால் அவர்கள் சபைக்கு வருவார்களா, வராவிட்டால் எதற்கு? லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். “மற்ற ஒன்பதுபேர் எங்கே?” என்று இயேசு கேட்டார், வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்ப வந்ததாக எழுதியிருக்கவில்லை. கொடுத்ததை அவர் திரும்ப எடுக்கவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடும்போது துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்து நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்காது. வலியில் இருப்பவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உங்கள் விசுவாசம் என்ன என்று அவராகக் கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்கும் நாள் வராமலும் போகலாம், அதனால் கட்டின கட்டு வீணாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில், குணமாகி வருடங்கள் ஆன ஒரு அம்மாவுக்கு, எல்லோரும் ஒரே கிண்ணத்தில் பருகுகிற இராப்போஜனத்தில் தனிக் கிண்ணம் வைத்தார்கள். மருந்து முடித்தவர், அவரால் யாருக்கும் எதுவும் வராது என்று நான் எழுதியே கொடுத்தேன். ‘ஜனங்க சங்கடப்படுறாங்க’ என்றார்கள். அந்த அம்மா அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலேயே தலித் மக்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிற ஊர்கள் இன்னும் உண்டு. புறம்பே நிற்பவர்களைத் தேடி மலையேறிப் போகிறோம், சரிதான். நம் பெஞ்சிலேயே யாரைப் புறம்பே வைத்திருக்கிறோம் என்று உங்கள் ஐக்கியத்தில் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு உங்கள் மூத்தவரையும் கூப்பிடுங்கள்.

சரி, போய் என்ன செய்வது?

முதலில் பயத்தை விடுங்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி இருந்தால்தான் பரவ வாய்ப்பு, கைகொடுத்தால் வராது. மருந்து தொடங்கின கொஞ்ச நாளிலேயே பரவுவதும் நின்றுவிடும். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அரிப்போ வலியோ இல்லாமல், கண்ணை மூடச் சொல்லி பேனா முனையால் மெதுவாகத் தொட்டால் தெரியவில்லை என்றால், தாமதிக்காமல் அங்கே கூட்டிப்போங்கள். நரம்பு கெடுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் ஊனமே வராது. உங்கள் ஐக்கியப் பிள்ளைகள் பத்துப் பேர் இதை மட்டும் கற்றுக்கொண்டு வீட்டில் சொன்னாலே எத்தனையோ கைகள் தப்பும்.

குணமாகியும் உணர்ச்சி திரும்பாதவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தினமும் பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு உள்ளங்காலை வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதை நீங்கள் செய்யலாம், காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு. உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று செய்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு மெத்தென்று இருக்கும், ஆணி அடிக்காமல் ஒட்டியே செய்திருப்பார்கள். அது தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். சட்டி பானைகளுக்கு மரப்பிடி போட்டுக் கொடுங்கள். கண் மூடாதவருக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஊனத்துக்கான உதவித்தொகை வருகிறதா, அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டு, வராவிட்டால் அதற்குரிய அரசு அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். வரிசையில் அவர் பக்கத்தில் நிற்பதே அவருக்குப் பெரிய பலம்.

தொழுநோயாளி, குஷ்டரோகி என்று கூப்பிட வேண்டாம், வேதத்தில் அந்தச் சொல் இருந்தாலும். தாத்தா, பாட்டி, பெரியப்பா என்று கூப்பிடுங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேர் போதும். போட்டோ எடுக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை முப்பது போர்வையோடு போவதைவிட, மாதம் ஒருமுறை அதே வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நல்லது. மூன்றாவது நான்காவது தடவை போகும்போதுதான் உண்மையில் என்ன வேண்டும் என்று சொல்வார்கள்.

அந்த மேல்மலைப் பெரியவர் கையில் கட்டுப் போட நான் வாரம் ஒருமுறை போனேன். நான்காவது வாரம் அவர் மருந்து கேட்கவில்லை. “நீங்க தொடுறதை மருமக பாக்கணும் சார். அவ இருக்கிறப்ப வாங்க” என்றார். அப்படியே போனேன். அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் அப்படியே நின்றாள். எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் நான் கட்டுப் போட்டு முடித்ததும் உள்ளே போய் இரண்டு டம்ளரில் கட்டன் டீ கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றில் பழைய சேலைத்துணியைச் சுற்றி, சூடு படாமல், மாமனார் கையில் வைத்து அவர் விரல்களைத் தானே மடக்கிப் பிடிக்கவைத்தாள்.